சொல்பவர் யார்?

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் பிறந்த பிள்ளை, கதைப் புத்தகத்தைக் கையிலெடுக்கும் முன்பே 'அறிவிப்பவர்' என்ற சொல்லைக் கேட்டுவிடுகிறது. ஹதீஸ் ஒன்று எடுத்துரைக்கப்படும்போது அதை அறிவித்த நபித்தோழரின் பெயரும் கூடவே வருவது வழக்கம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் இமாம் புகாரியும் (810–870) இமாம் முஸ்லிமும் நபிமொழிகளைத் தொகுத்தபோது செய்தியோடு அதைச் சொன்னவரையும் நிறுத்துப் பார்த்தனர். அவர் நேர்மையாளரா? நினைவாற்றல் உள்ளவரா? யாரிடம் கேட்டதாகச் சொல்கிறாரோ அவரைச் சந்தித்திருக்கக் கூடியவரா? சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தால் செய்தியின் தரமும் தளர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டுப் புனைகதை இதற்கு நேர்மாறான பாதையிலும் சென்றது. நம்ப இயலாத ஒருவரை வேண்டுமென்றே கதைசொல்லியாக அமர்த்தியது. அவருக்கு 'நம்பகமற்ற கதைசொல்லி' என 1961இல் பெயரிட்டவர் அமெரிக்க விமர்சகர் வெய்ன் பூத். இளையோர் நாவல்களில் இவ்வுத்திக்குச் சிறந்த சான்று ரொபர்ட் கோர்மியரின் 'ஐ ஆம் த சீஸ்' (1977). தந்தையைக் காண ஒரு சிறுவன் சைக்கிளில் புறப்படுகிறான். இடையிடையே அவனை ஒருவர் விசாரிக்கும் ஒலிநாடாப் பதிவுகள் வருகின்றன. இரண்டும் பொருந்தாத இடங்களில் வாசகனுக்கு ஐயம் முளைக்கிறது. அவன் சுற்றிவந்தது மருத்துவமனை வளாகத்துக்குள்தான் என்பது இறுதியில் தெரிகிறது.

நமது முதல் நாவல்களில் திகில் வேறு இடத்திலிருந்து பிறந்தது. 1885இல் கண்டி அறிஞர் சித்திலெப்பை எழுதிய 'அசன்பேயுடைய கதை'யில் மறைக்கப்படுவது நாயகனின் பிறப்பு. கதைசொல்லி நம்மை ஏமாற்றுவதில்லை. அங்கே நாம் கேட்பது, 'அடுத்து என்ன நடக்கும்?' கோர்மியரிடம் கேட்பதோ, 'நடந்தது இதுதானா?' 2001இல் வெளியான ஷோபாசக்தியின் 'கொரில்லா'வும் அக்கேள்வியை எழுப்புகிறது. இளையோருக்கென எழுதப்படாத அந்நாவல் பிரான்சில் தஞ்சம் கோரும் ஒருவரின் விண்ணப்பத்துடன் தொடங்குகிறது. பிழைப்பதற்காக எழுதப்படும் கதையை எவ்வளவு நம்புவது?

எங்கள் கிழக்கில் இக்கேள்வி இலக்கிய உத்தியோடு நின்றுவிடுவதில்லை. 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் கைப்பற்றினர். சரணடைந்த பொலிஸார் கொல்லப்பட்டனர். இராணுவம் கல்முனையை மீளப் பிடித்தபோது தமிழர்கள் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்றனர். அவ்வாண்டை இரு சமூகத்துப் பிள்ளைகளும் பெரும்பாலும் தத்தம் வீட்டாரின் வாய்மொழியாகவே அறிந்தனர். சொன்னவர்கள் பொய்யர் அல்லர். தமது இழப்பை முழுமையாகவும் மற்றவர் இழப்பை ஒரு வரியிலும் சொன்னவர்கள். நேர்மையானவரும் நம்பகமற்ற கதைசொல்லியாக முடியும் என்பதே இதன் பாடம்.

தீரன் ஆர்.எம். நௌஸாத் தமது நாவலுக்குக் 'கொல்வதெழுதல் 90' எனப் பெயரிட்டார். 'சொல்வதெழுதல்' என்ற பள்ளிப் பயிற்சியில் ஓர் எழுத்தை மாற்றினார், அவ்வளவே. ஆசிரியர் சொல்லச் சொல்ல, பிள்ளை கேள்வி கேளாது எழுதுவதே சொல்வதெழுதல். இளையோருக்கான நல்ல மர்மக்கதை அப்பழக்கத்தைக் குலைக்கிறது. முந்தைய பக்கத்துக்குத் திரும்பி, சொன்னவரை மீண்டும் விசாரிக்கச் செய்கிறது. எங்கள் ஊர்ப் பாடசாலை நூலகங்களில் இத்தகைய நாவல்கள் பத்தாவது இருந்தால், இரு சமூகத்துப் பிள்ளைகளும் 1990ஐப் பற்றித் தம் வீட்டாரிடமே கேட்கவேண்டிய கேள்விகளை அங்கே பழகிக்கொள்வார்கள்.