கச்சத்தீவு: மெய்க்கீர்த்தியும் குத்தகைச் சீட்டும்

கல்வெட்டு படிக்கப் புகுவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. மெய்க்கீர்த்தி வேறு, அதன்பின் வரும் செய்தி வேறு என்பதே அது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி கடலிலுள்ள பன்னீராயிரம் தீவுகளை அவன் வென்றதாகப் பாடும். அத்தீவுகளில் வரி தண்டிய கணக்கை அதில் தேட இயலாது. எங்கள் ஒத்தக்கடை யானைமலையின் நரசிங்கப்பெருமாள் குடைவரைக் கல்வெட்டோ வேறுவகை. பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி இக்கோயிலைக் குடைவித்தான், அவன் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுப்பித்தான் என்று, கி.பி. 770க்குச் சரியான கலியாண்டுக் கணக்கோடு அது கூறுகிறது. முன்னது புகழ், பின்னது சான்று.

கச்சத்தீவு பற்றிய நம் மேடைப்பேச்சுகள் பெரும்பாலும் மெய்க்கீர்த்தி வகையைச் சார்ந்தவை. அக்கரையின் பேச்சுகளும் அவ்வாறே. சான்று வகையில் இரு தரப்பிடமும் என்ன இருக்கிறது என்று நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவு சிறியது, ஏறத்தாழ 285 ஏக்கர். இராமேசுவரத்துக்கும் நெடுந்தீவுக்கும் இடையே பாக்கு நீரிணையில் கிடக்கிறது. குடிநீர் இல்லை, ஆகவே குடியிருப்பும் இல்லை. இருப்பது அந்தோணியார் கோயில் ஒன்றே. ஆண்டுக்கொரு முறை, பிப்ரவரி அல்லது மார்ச்சில், அதன் திருவிழாவுக்கு இருகரைத் தமிழரும் கூடுவர்.

சேதுபதிகளின் உரிமை

நம் தரப்பின் வாதம் சேதுபதிகளிடமிருந்து தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், இராமேசுவர யாத்திரிகரைக் காக்கும் பொறுப்பைச் சடைக்கத் தேவரிடம் ஒப்படைத்தார். சேதுகாவலர் என்ற பட்டத்தின் பொருள் அதுவே. எனினும் இப்பட்டத்தைக் கொண்டு தீவுக்கு உரிமை கோருவது மெய்க்கீர்த்தியைப் பட்டாவாகக் காட்டுவதற்கு ஒப்பாகும். வலுவான சான்று பின்னரே வருகிறது. 1803இல் இராமநாதபுரம் நிலையான தீர்வைக்குட்பட்ட ஜமீனாயிற்று. 1880இல், இராமநாதபுரம் மதுரை மாவட்டத்தோடு இணைந்திருந்த காலத்தில், சாயவேர் தோண்டியெடுப்பதற்கான குத்தகையில் கச்சத்தீவும் சேர்க்கப்பட்டது. 1913இல் சங்கு குளிக்கும் உரிமையை இந்திய அரசே சேதுபதியிடம் குத்தகைக்குப் பெற்றது. ஓர் அரசு தனக்குக் கீழ்ப்பட்ட ஜமீன்தாரிடம் குத்தகைச் சீட்டு எழுதிப் பெறுவது அவருடைய உரிமையை ஏற்றுக்கொண்டதாகவே பொருள்படும்.

இதற்கு எழும் மறுப்பையும் நாம் கேட்டாக வேண்டும். ஜமீன்தார் வரி தண்டுபவர்; இறையாண்மை உடையவர் அல்லர். ஒருவருக்கு நிலம் சொந்தமாயிருப்பதும் ஒரு நாட்டுக்கு அந்நிலம் உரியதாயிருப்பதும் ஒன்றல்ல.

அக்கரையின் வாதம்

யாழ்ப்பாண அரசை 1619இல் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும், 1790களின் நடுவில் ஆங்கிலேயரும் கைக்கொண்டனர். அந்த அரசின் கடற்பரப்பில் கச்சத்தீவும் அடங்கும் என்பது இலங்கைத் தரப்பின் வாதம். பழைய வரைபடங்களும், அந்தோணியார் கோயில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சார்ந்தது என்பதும் அதற்குத் துணை நிற்கின்றன. 1921இல் மீன்பிடி எல்லை வகுக்கக் கூடிய மாநாட்டில், தீவுக்கு மேற்கே மூன்று மைல் தொலைவில் கோடு வரைய இந்தியத் தரப்பு இசைந்தது. ஆயினும் தீவின் மீதான உரிமைக் கோரிக்கையை அது விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாநாட்டின் உடன்பாடு முறைப்படி உறுதிசெய்யப்படவும் இல்லை.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். அக்காலத்தில் இருகரையையும் ஆண்டது ஒரே மகுடம். சென்னை மாகாணம் கொழும்பை எதிர்த்து வழக்காட ஒரு தேவை எழவில்லை. ஆகவே, அன்றைய மௌனத்தை இசைவாகக் கொள்வது எவருக்கும் முறையாகாது.

உலக வழக்குகள் கூறுவது

இங்கிலாந்தும் பிரான்சும் மின்கியே, எக்ரேஹோ என்ற சிறு தீவுக்கூட்டங்களுக்காக வழக்காடின. இடைக்காலப் பிரபுக்களின் உரிமைப் பட்டயங்களை இரு நாடுகளும் அடுக்கின. 1953இல் பன்னாட்டு நீதிமன்றம் அவற்றை ஒதுக்கிவைத்து வேறு வினாக்களை எழுப்பியது: அங்கே கரையொதுங்கிய பிணங்களுக்கு விசாரணை நடத்தியவர் யார்? குடிசைகளுக்கு வரி விதித்தவர் யார்? விடை ஜெர்சித் தீவைச் சுட்டியதால் தீர்ப்பு இங்கிலாந்துக்குக் கிட்டியது.

சிங்கப்பூர் அருகிலுள்ள பெட்ரா பிராங்கா வழக்கு மேலும் கூர்மையானது. அத்தீவு முதலில் ஜொகூர் சுல்தானுக்கே உரியது என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால், தீவின் உடைமையைத் தாம் கோரவில்லை என்று 1953இல் ஜொகூர் அதிகாரி ஒருவர் எழுதிய கடிதமும் அதன்பின் நீடித்த மௌனமும் 2008இல் தீவைச் சிங்கப்பூருக்கு ஆக்கின.

இவ்வளவுகோல்களைக் கொண்டு பார்த்தால், 1947 வரை குத்தகைச் சீட்டுகளின் தட்டு நம் பக்கம் தாழ்கிறது என்பது எம் முடிபு. அதன்பின் அதைத் தாங்க வேண்டிய அரசு தளர்ந்தது. 1960இல் தலைமை வழக்கறிஞர் செடல்வாட், சிக்கல்கள் உள்ளன என்று கூறியபோதும், இந்தியாவின் பக்கமே சாய்ந்தார். அடுத்த ஆண்டிலேயே பிரதமர் நேரு இத்தீவைப் பொருட்படுத்தாதவராகக் குறிப்பெழுதினார். உரிமை உடையவரே அதைச் சிறிதென்று எழுதிவிட்டால், பழைய சீட்டு எத்தனை வலுவாயினும் மெலியத்தான் செய்யும்.

இரு உடன்படிக்கைகள்

1974 ஜூனில் இந்திராவும் சிறிமாவோவும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைலில் எல்லையை வகுத்தது. நாட்டின் நிலப்பகுதியைப் பிறருக்கு அளிக்க அரசமைப்புத் திருத்தம் தேவை என்று பெருபாரி வழக்கில் 1960இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. இது கொடையன்று, பூசலுக்குரிய எல்லையை வரையறுத்ததே என்று நடுவண் அரசு அதற்கு விடை சொன்னது. அதே ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஏப்ரலில் தீவை மீட்கக் கோரி மீண்டும் ஒரு தீர்மானம் நிறைவேறியது.

ஆயினும் 1974 உடன்படிக்கை அனைத்தையும் இழப்பித்ததன்று. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே பயண ஆவணமின்றித் தீவுக்குச் செல்லலாம் என்கிறது அதன் ஐந்தாம் பிரிவு. இருநாட்டுக் கலங்களும் மரபாகப் பெற்றிருந்த உரிமைகள் தொடரும் என்கிறது ஆறாம் பிரிவு. கதவு அடைபட்டது 1976 மார்ச்சில். மன்னார் வளைகுடா எல்லைக்கான உடன்படிக்கையோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில். இசைவின்றி ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கலாகாது என அக்கடிதங்கள் விதித்தன. மேடைகளில் 1974 ஒலிக்கும் அளவுக்கு 1976 ஒலிப்பதில்லை. இராமேசுவரத்து மீனவன் சிறைப்படுவதற்குக் காரணமாகக் காட்டப்படும் விலக்கு அக்கடிதங்களில்தான் எழுதப்பட்டது.

இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறைக்கலாகாது. நம் விசைப்படகுகள் கச்சத்தீவைக் கடந்து நெடுந்தீவுக்கு அப்பாலும் செல்கின்றன. அவற்றின் இழுவைமடியில் அறுபடும் வலைகள் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவருடையவை. போர்க்காலம் முழுதும் கடல் மறுக்கப்பட்டு, அது ஓய்ந்தபின் மீண்டும் தொழிலுக்கு வந்தவர்கள் அவர்கள். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. தீவு நாளையே நம்மிடம் திரும்பினாலும் எல்லைக்கோடு சில மைல்கள் கிழக்கே நகரும். அறுந்த வலைக்கு அது விடையாகாது.

ஆகவே, உடைமை வழக்கையும் புழக்க உரிமையையும் பிரித்துப் பேசுதல் நலம் என்று கருதுகிறோம். வலை உலர்த்தவும், இளைப்பாறவும், அந்தோணியாரை வணங்கவும் இருகரையாரும் கொண்டிருந்த உரிமை சேதுபதியின் சீட்டுக்கும் யாழ்ப்பாணத்து வரைபடத்துக்கும் முற்பட்டதாக இருத்தல் கூடும். அதை மீட்கப் போர் வேண்டா; ஐந்தாம் பிரிவை அதன் சொற்பொருளில் நடைமுறைப்படுத்தக் கோரினால் போதும். அதற்கு முதற்பணியாக, இராமநாதபுரத்துக் குத்தகை ஆவணங்களையும் யாழ்ப்பாணத்துக் கோயிற் பதிவேடுகளையும் ஒருசேரத் தொகுத்துத் தமிழில் வெளியிட வேண்டும். அறிஞர் எஸ்.எம். கமால் சேதுபதிகளின் செப்பேடுகளைத் தொகுத்தளித்தது போல, கடலோரத்து ஆவணங்களைத் தொகுக்கும் ஆய்வு மாணவர் எவரேனும் முன்வருவாராயின் இருகரைத் தமிழும் அவருக்குக் கடன்படும்.