பெரியாஸ்பத்திரிக்குப் போன வழிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆஸ்பத்திரி காருக்கு முந்தியது. அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850 இல் எழுந்த வைத்தியசாலைதான் இன்றைய போதனா வைத்தியசாலையின் வேர். ஊர்ச்சனத்துக்கு அது எப்போதும் 'பெரியாஸ்பத்திரி'. மானிப்பாயில் 1848 முதல் மருத்துவம் பார்த்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அவருடைய சத்திர சிகிச்சை நூலான 'இரண வைத்தியம்' 1867 இல் வந்தது. கார் என்ற ஒன்று உலகில் ஓடத் தொடங்க அப்போது இன்னும் ஏறத்தாழ இருபது வருடங்கள் இருந்தன.

ஆக, காயத்துக்கு மருந்து கட்டத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. அடிபட்டவரை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு.

கார்கள் வந்தபின் அந்தப் பாட்டைச் சுமந்தவர்கள் தெருவில் நின்றவர்களும் ஹயர் கார்க்காரரும். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜின் பின்சீற்றில் கிடத்தி, ஹோர்னை அழுத்தியபடி பட்டணத்துக்கு ஓடுவார்கள். முறிவு மட்டும் என்றால் பரியாரியிடம் போய்ப் புக்கை கட்டுவதோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு.

1990 இல் அந்த வழியும் அடைபட்டது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் நின்றது, உதிரிப்பாகங்கள் நின்றன, மின்சாரமும் போனது. கராஜ்காரர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். சூப்பிப் போத்தலால் துளி பெற்றோல் பீய்ச்சி எஞ்சினை எழுப்ப வேண்டும். ஓடத் தொடங்கினால் புகையும் நாற்றமும் ஊரைத் தூக்கும். இரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்வது எப்படிப்பட்ட அவதி! வாகனம் கிடைக்காத இடத்தில் சைக்கிள்தான் அம்புலன்ஸ். அன்றைய கைகளின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் துணிச்சல் மட்டும் போதாது. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை இழுத்துத் தூக்கினால், பிழைத்தவரும் நடக்க முடியாமல் போகலாம்.

போருக்குப் பின் ஏ9 உட்பட வீதிகள் காபெற் ஆகின, வேகம் கூடியது. விபத்துக்கான மூன்றாம் தரப்புக் காப்புறுதி 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே கட்டாயம். அது இழப்பீட்டுக்கு வழி, உயிரைக் காப்பது வேறு வேலை. அதற்கான ஏற்பாடு மிகத் தாமதமாகத்தான் வந்தது. இந்திய உதவியுடன் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவை, 2018 ஜூலை 21 அன்று யாழ்ப்பாணத்தில் வடக்குக்காகத் தொடக்கி வைக்கப்பட்டது. பயிற்சி பெற்ற உதவியாளர் வண்டியிலேயே வருகிறார். அழைக்க வேண்டிய எண் 1990. இங்குள்ளவர்களுக்கு அது ஒரு வருடத்தின் பெயராகவும் இருக்கிறது.

அழைப்பை எடுப்பவர் இருப்பது கொழும்புப் பக்கம். தமிழில் பேசலாம். ஆனால் வேலிகளுக்கு நடுவே வளைந்து போகும் எங்கள் ஒழுங்கைகள் பலவற்றுக்குப் பெயரில்லை. எந்தச் சந்தியில் திரும்புவது, எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடத்தடி என்பதை அழைப்பவர்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் சந்திக்குப் போய் நின்று வண்டியை மறித்துக் கூட்டிவர வேண்டும்.