திருவோணத்துக்கு மேற்கே

புரட்டாதி மாதத்து இரவுகளிற் கொச்சிக்கடையிலிருந்து பால்வீதியைக் காண இயலாது. துறைமுகத்தின் விளக்குகள் வானத்தை வெளிறச் செய்துவிடுகின்றன. ஆயினும் எட்டு மணியளவில், அந்தோனியார் கோவிலுக்கு மேலே ஏறக்குறைய உச்சியில், அவ்விளக்குகளுக்குத் தோற்காத விண்மீன் ஒன்று நிற்கும். அதுவே திருவோணம். அதனையும் அதன் இருபுறத்து மங்கலான மீன்களையும் சேர்த்து நம் முன்னோர் முக்கோல் என்றனர்.

திருவோணத்துக்குச் சற்று மேற்கே, வெறுங்கண்ணுக்குத் தோன்றாத இரு பொருள்கள் உள்ளன. ஒன்று எஸ்.எஸ். 433, மற்றையது ஜி.ஆர்.எஸ். 1915+105. இரண்டும் இரட்டை விண்மீன்கள். சோடியில் ஒன்று உயிருள்ள விண்மீன். மற்றது இறந்த விண்மீன் சுருங்கியதால் உண்டான கருந்துளை. (433இன் கருந்துளை பற்றி ஐயமெழுப்புவோர் இன்னும் உளர்.) கருந்துளை தன் துணையின் வாயுவை உறிஞ்சுகிறது. அவ்வாயு நேரே விழுவதில்லை. தட்டாகச் சுழன்று, உராய்ந்து, பல இலட்சம் பாகை வெப்பமுற்று எக்ஸ் கதிரை உமிழ்கிறது. விழுவது அனைத்தும் விழுங்கப்படுவதுமில்லை. ஒரு பகுதி தட்டின் இரு முகங்களிலிருந்தும் எதிரெதிர்த் திசைகளில் தாரைகளாகப் பீறிட்டெழுகிறது. இத்தாரைகளை மனிதர் கண்டறிந்த வரலாறே இங்கு நம் பொருள்.

இவ்வரலாற்றைக் கேம்பிரிட்ஜிலோ கலிபோர்னியாவிலோ தொடங்குவது வழக்கம். நாம் கென்யாவின் கரையிற் தொடங்குவோம். 1970 டிசம்பர் 12, கென்யா விடுதலை பெற்ற ஏழாம் ஆண்டு நிறைவு நாள். மலிந்தி நகருக்கு அண்மையிற் கடலில் நின்ற சான் மார்க்கோ மேடையிலிருந்து செய்மதியொன்று ஏவப்பட்டது. எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே அமைந்த முதற் செய்மதி அது. அந்நாளின் நினைவாக அதற்கு ‘உகுரு’ எனப் பெயரிட்டனர். சுவாகிலி மொழியில் விடுதலை என்பது பொருள். செய்மதி அமெரிக்கருடையது, மேடை இத்தாலியருடையது, பெயர் மட்டுமே கென்யருடையது.

சிக்னசு மண்டலத்தின் எக்ஸ்-1 என்னும் மூலம் ஒரு செக்கனுக்கும் குறைந்த காலத்திற் துடிப்பதை உகுரு காட்டிற்று. அவ்வளவு விரைவிற் துடிப்பது மிகச் சிறிய பொருளாகவே இருத்தல் வேண்டும். 1971இல் அதே இடத்தில் ரேடியோ அலைகளும் புலப்பட்டன. அவற்றைப் பற்றிச் சென்றபோது, கண்ணுக்குத் தெரியாத கனத்த துணையொன்றை 5.6 நாளுக்கொரு முறை சுற்றிவரும் நீல விண்மீன் அகப்பட்டது. அத்துணையே கருந்துளை என அறிஞர் பெரும்பாலோர் ஏற்ற முதற் பொருள். அந்த ரேடியோ அலைகள் தாரையின் சுவடுகள் என்பது பிற்காலத்திலேயே தெளிவாயிற்று. அத்தாரையின் படம் வெளிவந்தது 2001இல்.

அதற்குள் எஸ்.எஸ். 433 அறிஞர்களைத் திணறடித்திருந்தது. ஸ்டீவன்சன், சண்டுலீக் இருவரும் 1977இல் வெளியிட்ட பட்டியலில் 433ஆம் எண் கொண்ட சாதுவான பொருள் அது. 1978இல் புரூஸ் மார்கன் குழுவினர் அதன் நிறமாலையை ஆராய்ந்தபோது, ஒரு தொகுதிக் கோடுகள் சிவப்பை நோக்கியும் இன்னொரு தொகுதி நீலத்தை நோக்கியும் நகர்ந்தன. ஒரே பொருள் நம்மை நோக்கி வந்துகொண்டும் நம்மைவிட்டுப் போய்க்கொண்டும் இருக்கிறதா? விடை எளிது: இரண்டு தாரைகள், ஒளிவேகத்தின் 0.26 பங்கு வேகத்தில். ஓயப்போகும் பம்பரத்தின் தலைபோல அவற்றின் அச்சு ஏறத்தாழ 162 நாளுக்கொரு முறை வட்டமிடுகிறது.

மற்றைய பொருளைக் கண்டது, தன்னை ஏவிய நாட்டையே இழந்த ஒரு செய்மதி. ‘கிரனாட்’ 1989 டிசம்பர் 1ஆம் நாள் சோவியத் யூனியனால் ஏவப்பட்டது. பிரான்சு, டென்மார்க்கு, பல்கேரியா ஆகியவற்றின் கருவிகளும் உழைப்பும் அதிற் சேர்ந்திருந்தன. ஈராண்டில் அந்த யூனியன் மறைந்தது. கட்டுப்பாட்டு நிலையம் கிரிமியாவில், புதிதாகத் தனிநாடான உக்ரேயினிடம் போயிற்று. மொஸ்கோவிற் பணமில்லை. பிரெஞ்சு விண்வெளி நிறுவனம் செலவை ஏற்றதனாற் செய்மதி உயிர் தப்பிற்று. அந்த நெருக்கடிக்கு நடுவே, 1992 ஆகஸ்டு மாதம், அதிலிருந்த டென்மார்க்குக் கருவி திருவோணத்தருகே புதிய எக்ஸ் கதிர் மூலமொன்றைக் கண்டது. கிரனாட்டின் பெயராலேயே அது ஜி.ஆர்.எஸ். ஆயிற்று. சந்தையின் கணக்குப்படி நடந்திருப்பின் 1992இல் அச்செய்மதி குப்பையாகியிருக்கும். சோசலிச நாட்டின் வீழ்ச்சி பற்றி நம் நண்பர்கள் எழுதிய பக்கங்கள் பல. கிரனாட் பற்றி ஒரு வரியேனும் நாம் கண்டதில்லை.

1994 மார்ச்சு மாதம் அம்மூலம் பெருஞ்சீற்றங் கொண்டது. உருகுவேயிற் பிறந்த பீலிக்ஸ் மிராபெல், மெக்சிக்கோவின் லூயிஸ் ரொட்ரிகெஸ் ஆகிய இருவரும் நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்தின் ரேடியோத் தொலைகாட்டித் தொகுதியால் அதனை நோக்கினர். இரு முகில்கள் எதிரெதிராக விலகிச் சென்றன. கணக்கிட்டால், ஒன்று ஒளியைப்போல் 1.25 மடங்கு வேகத்தில் ஓடுவதாகத் தோன்றிற்று, மற்றது 0.65 மடங்கு வேகத்தில்.

ஒளியை எதுவும் விஞ்சாது. அப்படியாயின் இது எவ்வாறு? காலியிலிருந்து ஒருவன் காலை ஆறு மணிக்குத் துவிச்சக்கரவண்டியிற் கொழும்புக்குப் புறப்படுகிறான் எனக் கொள்வோம். புறப்படும்போதே ஒரு தூதனையும் அனுப்புகிறான். பாதி வழி வந்ததும் இரண்டாந் தூதனை அனுப்புகிறான். தூதர் முழு வழியையும் பத்து மணித்தியாலத்திற் கடப்பர். அவனுடைய வேகமோ அவர்கள் வேகத்திற் பத்தில் ஒன்பது பங்கு. முதற் தூதன் கொழும்பை அடைவது மாலை நாலு மணிக்கு. இரண்டாமவன் நாலு மணி 33 நிமிடத்துக்கு. தூதரை மட்டும் அறிந்த கொழும்பார், பாதி வழியை அவன் 33 நிமிடத்திற் கடந்தான் என்று வியப்பர்! ஒளியே இங்கு தூதன். நம்மை நோக்கிச் சாய்ந்து வரும் முகில் தன் ஒளியைத் தானே துரத்தி வருகிறது. அதனாற் காலம் சுருங்கித் தோன்றுகிறது. அகன்று செல்லும் முகிலுக்குக் காலம் நீண்டு தோன்றுகிறது.

மிராபெல் அன்று கொண்ட தூரம் ஏறத்தாழ 40,000 ஒளியாண்டு. பின்வந்த அளவீடுகள் அதனை 30,000 அளவுக்குக் குறைத்தன. தோற்றவேகமும் அதற்கேற்பக் குறைந்தது. எனினும் முகில்கள் ஒளிவேகத்தின் பெரும்பங்கை எட்டின என்பதிற் பழுதில்லை. 1997 செப்டெம்பரில் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. முதலில் எக்ஸ் கதிர் வீழ்ந்தது. அடுத்துச் செந்நிறக் கீழ்க்கதிர் எழுந்தது. அதன்பின் ரேடியோ அலை எழுந்தது. தட்டின் உட்பகுதி வெறுமையாவதும் தாரை பாய்வதும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள்.

இவ்வாராய்ச்சியில் நம் அயலாருக்கும் பங்குண்டு. 1996 மார்ச்சு 21இற் சிறீகரிக்கோட்டையிலிருந்து எழுந்த இந்தியச் செய்மதி, நிலத்தையும் கடலையும் நோக்குவதற்கென அமைந்தது. அதிலே மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் பெங்களூர் அறிஞரும் சிறியதொரு எக்ஸ் கதிர்க் கருவியையும் வைத்திருந்தனர். அது ஜி.ஆர்.எஸ். 1915ஐ நோக்கியபோது, மெதுவாக ஏறிச் சடுதியாக வீழும் வெடிப்புக்கள் ஒழுங்காகத் தொடர்வதைக் கண்டது. நியூத்திரன் விண்மீனில் இதற்கு மாறாகச் சடுதியாக ஏறி மெதுவாகத் தணியும். விழும் பொருள் மோதுவதற்கு அங்கே தரையுண்டு. இங்கே தரையில்லை, மீளாவெல்லையைக் கடந்ததும் பொருள் மறைந்துவிடுகிறது என அவர்கள் விளக்கினர்.

பட்டினி கிடக்கும் நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர் நம்மவரிலும் உளர். அவர்கள் உதகமண்டலத்தருகே முத்தோரைச் சரிவைப் பார்த்தல் நன்று. கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970இல் அங்கு முடிவுற்ற ரேடியோத் தொலைகாட்டியின் நீளம் 530 மீற்றர், அகலம் 30 மீற்றர். அதன் அச்சு பூமியின் சுழலச்சுக்கு ஒப்பாயிருத்தல் வேண்டும். இடத்தின் அகலக்கோட்டுக்குச் சமமான சரிவுடைய மலையொன்றைத் தேடியெடுத்ததனால், விலையுயர்ந்த பொறியமைப்புத் தேவைப்படவில்லை. தெறிப்பானோ 1,100 துருவேறா உருக்குக் கம்பிகள். ஏறத்தாழ 580 கிலோமீற்றர் நீளம். இக்கம்பிகளைக் கட்டியவர்களின் பெயர்களை எந்த வரலாறும் தரவில்லை. 1964இன் சிறிமா–சாத்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேற்றப்பட்ட நம் மலையக மக்கள் பலர் அதே நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களுக்கே போய்ச் சேர்ந்தனர் என்பதையும் இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.

உதகையிற் கற்ற பாடம் பூனாவுக்கு வடக்கே கோடத் கிராமத்திற் பெரிதாயிற்று. 45 மீற்றர் விட்டமுள்ள 30 தட்டுக்கள். அவற்றின் பரப்பு உலோகத் தகடன்று, இழுத்துக் கட்டிய கம்பிவலை. எடையும் செலவும் குறைந்தன. 2001இல் அத்தொலைகாட்டி ஜி.ஆர்.எஸ். 1915இன் ரேடியோச் சீற்றங்களைப் பதிவுசெய்தது.

2018 முதல் அம்மூலத்தின் எக்ஸ் கதிர் மங்கியிருக்கிறது. தன் வாயுவாலேயே தன்னை மூடிக்கொண்டது என்கின்றனர். ரேடியோச் சீற்றமோ அவ்வப்போது எழுகிறது. இடையிலுள்ள தூசியால் அதன் கட்புல ஒளி நம்மை எட்டுவதில்லை. 433 அவ்வாறன்று. கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தாரிடம், 1996இல் யப்பான் அன்பளிப்பாகத் தந்த 45 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டி இருக்கிறது. 433இன் ஒளி அதன் வீச்சுக்கு உட்பட்டது. புரட்டாதி இரவுகளில் அது கொழும்புக்கும் கட்டுபெத்தைக்கும் ஏறத்தாழ நேர் மேலே கடந்து செல்கிறது.