தடைப்பட்டியலும் ஸ்காபரோவும்: விடுதலைப் புலிகள் தொடர்பில் உலக நாடுகள் கையாண்ட வழிமுறை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆயுத அமைப்பொன்றைப் பயங்கரவாத அமைப்பு எனப் பட்டியலிடுவதே இன்று உலக நாடுகள் முதலிற் கையாளும் வழிமுறையாக உள்ளது. 2001 செப்டெம்பர் 28இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1373ஆம் தீர்மானம், பயங்கரவாதத்துக்கு நிதி வழங்குவதைக் குற்றமாக்குமாறு எல்லா நாடுகளையும் பணித்தது. ஆயின் பயங்கரவாதம் எது என்பதை அத்தீர்மானம் வரையறுக்கவில்லை. அப்பொறுப்பு ஒவ்வோர் அரசிடமும் விடப்பட்டது.

தமிழீழ விடுதலைப் புலிகளை இந்தியா 1992 மே மாதத்திலும், ஐக்கிய அமெரிக்கா 1997 ஒக்டோபரிலும், ஐக்கிய இராச்சியம் 2001 மார்ச்சிலும், கனடா 2006 ஏப்ரலிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006 மே மாதத்திலும் தடைசெய்தன. இத்தடைகள் தகுமா, தகாவா என்னும் விவாதம் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. இக்கட்டுரை வேறு மூன்று வினாக்களை எழுப்புகிறது. அமைப்பின் பிடியில் வாழ்ந்த மக்களை இத்தடைகள் காத்தனவா? வன்முறையிலிருந்து விலகுவதற்கு வாயில் ஒன்றைத் திறந்துவைத்தனவா? போரின் மறுதரப்பான அரசை அதே அளவுகோலால் அளந்தனவா? ஈழத்துக்கு வெளியே தமிழர் மிகச் செறிந்து வாழும் இடங்களுள் ஒன்றாகிய ஸ்காபரோவின் அனுபவத்தைக் கொண்டு இவற்றுக்கு விடை தேட முற்படுகிறது.

1. புகலிடம்

1983 ஜூலை வன்செயல்களின் பின்னர் கனடா இலங்கைத் தமிழருக்கெனச் சிறப்புக் குடிவரவு ஏற்பாடுகளைச் செய்தது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டனர். தொடக்கத்தில் ரொறன்ரோ நகர மையத்திலுள்ள செயின்ற் ஜேம்ஸ் ரவுன் மாடிக் குடியிருப்புகளில் தங்கிய குடும்பங்கள், 1990களில் ஸ்காபரோவை நோக்கி நகர்ந்தன. மார்க்கம் வீதியிலும் எக்ளின்ரன் அவெனியூவிலும் தமிழ்க் கடைகளும், அவற்றையடுத்துக் கோயில்களும், பழைய மாணவர் சங்கங்களும், ஊர்ச் சங்கங்களும் தோன்றின.

இம்மக்களுட் பெரும்பாலோர் இலங்கை அரசின் வன்முறையை நேரிற் கண்டவர்கள். தம் உறவினரின் பாதுகாப்பைப் புலிகளின் படைபலத்தோடு இணைத்துப் பார்த்தவர் பலர். அவர்கள் மனமுவந்து கொடுத்த பணத்தை மிரட்டலின் விளைவு என்று மட்டும் விளக்குதல் வரலாறாகாது. அதேபோல், கொடுக்க மறுத்தோர் எதிர்கொண்டதைப் பேசாது விடுதலும் வரலாறாகாது.

2. தடைக்கு முன்னர் கவனிக்கப்படாத குற்றங்கள்

புலிகளின் வன்முறை சிங்களப் பொதுமக்களையும் அரசுத் தலைவர்களையும் மட்டும் தாக்கியதன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் தம் வாழ்விடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1999 ஜூலையில் அரசியற்றீர்வு முயற்சிகளில் ஈடுபட்டிருந்த நீலன் திருச்செல்வம் கொழும்பில் கொல்லப்பட்டார். மாற்றுக் கருத்துக்கு இடங்கொடாத இவ்வழக்கம் புலம்பெயர் நாடுகளிலும் தன் நிழலைப் படரவிட்டது. 1993இல் ரொறன்ரோவில் பத்திரிகையாளர் டி. பி. எஸ். ஜெயராஜ் தாக்கப்பட்டுப் படுகாயமடைந்தார். அவர் நடத்திய தமிழ் வார இதழ், அதனை விற்ற கடைகளுக்கு விடுக்கப்பட்ட மிரட்டல்களின் விளைவாக 1996இல் நின்றுபோயிற்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1994இல், ரொறன்ரோவிலிருந்த தேடகத்தின் நூலகமும் தீக்கிரையானது.

2006 மார்ச்சில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நடந்த நிதி சேகரிப்பை விவரித்தது. கனடாவிற் குடும்பமொன்றிடம் பெரும்பாலும் 2,500 முதல் 5,000 டொலர் வரை கேட்கப்பட்டது. சில வணிகர்களிடம் 1,00,000 டொலர் வரை கோரப்பட்டது. கொடாதவர்கள் வன்னிக்குச் சென்று உறவினரைப் பார்ப்பதிற் சிக்கல் நேரும் என எச்சரிக்கப்பட்டனர்.

மிரட்டிப் பணம் பறித்தலும், தாக்குதலும், தீ வைத்தலும் கனடாவின் குற்றவியற் சட்டப்படி எக்காலத்தும் குற்றங்களே. இவற்றை விசாரிக்கப் பயங்கரவாதத் தடை எதுவும் வேண்டியதில்லை. வேண்டியிருந்தவை தமிழ் தெரிந்த பொலிஸ் அலுவலர்களும், முறைப்பாடு செய்வோருக்குப் பாதுகாப்பும், குடிவரவு நிலை உறுதிப்படாத ஒருவர் அச்சமின்றிப் பேசக்கூடிய சூழலுமே. பாதிக்கப்பட்டோரும் துன்புறுத்தியோரும் ஒரே சமூகத்தினர் என்பதால் இது தமிழர்தம் உள்விவகாரமாகக் கருதப்பட்டது. அரசு முதலிற் கைவிட்டது இங்கேதான்.

அரசின் நிலைப்பாட்டிலும் முரண் இருந்தது. 1995இற் கைதுசெய்யப்பட்ட மாணிக்கவாசகம் சுரேஷின் வழக்கில், கனேடியத் தமிழ்ச் சங்கங்களின் கூட்டமைப்பு புலிகளின் முகப்பு அமைப்புகளுள் ஒன்று என அரசு வாதிட்டது. 2000 மே மாதத்தில் அதே கூட்டமைப்பு ரொறன்ரோவில் நடத்திய இராப்போசன விருந்தில் நிதியமைச்சர் போல் மார்ட்டினும் அமைச்சர் மரியா மின்னாவும் கலந்துகொண்டனர். எது சட்டத்துக்கு உட்பட்டது, எது புறம்பானது என்பதைச் சாதாரணக் குடும்பமொன்று எவ்வாறு அறிந்திருக்கக்கூடும்?

சுரேஷ் வழக்கில் 2002 ஜனவரி 11இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. சித்திரவதைக்கு உள்ளாகக்கூடிய நாட்டுக்கு ஒருவரை அனுப்புவது பொதுவாக உரிமைகள் சாசனத்துக்கு முரணானது என நீதிமன்றம் கூறியது. விதிவிலக்கான சூழ்நிலைகளுக்கு இடம்விட்டது. அமெரிக்கா மீதான செப்டெம்பர் தாக்குதல் நிகழ்ந்து நான்கு மாதங்களே ஆகியிருந்த வேளையிலும் சட்டம் தன் நிதானத்தை முற்றாக இழந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று.

3. தடையும் பேச்சுவார்த்தையும்

2002 பெப்ரவரி 22இல் நோர்வேயின் அனுசரணையோடு போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகியது. புலிகளை 1998 ஜனவரியில் தடைசெய்திருந்த இலங்கை அரசே, தாய்லாந்திற் பேச்சுவார்த்தை தொடங்குவதற்கு முன்பாக, 2002 செப்டெம்பரில் அத்தடையை நீக்கியது. நேரடியாகப் போரில் ஈடுபட்டிருந்த அரசு பேசுவதற்காகத் தடையை நீக்கிய வேளையில், வெளிநாட்டுத் தடைகள் அப்படியே நின்றன. ஒருவகைப் போர்நிறுத்தத்துக்கோ ஒரு கட்டப் பேச்சுவார்த்தைக்கோ ஏற்பத் தளர்த்தக்கூடிய பொறிமுறை அவற்றில் இருக்கவில்லை.

இதன் விளைவு விரைவில் வெளிப்பட்டது. 2003 ஏப்ரலில் வாஷிங்டனில் நடைபெற்ற உதவி வழங்கும் நாடுகளின் ஆயத்தக் கூட்டத்தில் இலங்கை அரசு பங்குபற்றியது. அமெரிக்கத் தடை காரணமாகப் புலிகள் பங்குபற்ற இயலவில்லை. அம்மாதம் 21இல் அவர்கள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தியபோது கூறிய காரணங்களுள் இதுவும் ஒன்று. இதனை ஒரே காரணமாகக் கொள்ளல் தவறு. பேச்சிலிருந்து விலக விரும்பிய தரப்புக்கு இது தக்க சாக்காக அமைந்தது என்ற வாதமும் உண்டு. அவ்வாறாயினும், அச்சாக்கை வழங்கியது தடையின் நெகிழ்வின்மையே.

வட அயர்லாந்தில் வேறொரு வழி கையாளப்பட்டது. ஐரிஷ் குடியரசுப் படை ஐக்கிய இராச்சியத்தில் தடைசெய்யப்பட்டிருந்தது. அதன் அரசியற் பிரிவாகிய சின் ஃபெய்ன் மீதான தடையோ 1974இலேயே நீக்கப்பட்டிருந்தது. 1994இல் அமெரிக்க ஜனாதிபதி கிளின்ரன், லண்டனின் எதிர்ப்பையும் மீறி, ஜெரி அடம்ஸுக்கு நுழைவனுமதி வழங்கினார். நான்காண்டுகளின் பின் பெல்பாஸ்ட் உடன்படிக்கை கைச்சாத்தாகியது. புலிகளிடம் அவ்வாறு தனித்து இயங்கக்கூடிய அரசியற் பிரிவு வளரவில்லை என்பது உண்மை. அதற்கு அவர்களின் தலைமை முதன்மைப் பொறுப்பாளி. எனினும் அத்தகைய பிரிவு உருவாகுமாயின் பயன் உண்டு என்னும் குறிப்பை வெளிநாடுகளும் உணர்த்தவில்லை.

4. சாட்சிகள் விலகியபோது

போர்நிறுத்தத்தைக் கண்காணித்த குழுவில் நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் அலுவலர்கள் பணியாற்றினர். 2006 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் தடைவிதித்தவுடன், ஒன்றிய நாடுகளைச் சேர்ந்த கண்காணிப்பாளர்கள் நடுநிலையினர் அல்லர் எனக் கூறி அவர்கள் வெளியேற வேண்டும் எனப் புலிகள் வற்புறுத்தினர். சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர்கள் செப்டெம்பர் 1ஆம் தேதிக்குள் விலகினர். அவ்வேளை குழுவின் தலைவராயிருந்த உல்ஃப் ஹென்றிக்சனும் சுவீடன் நாட்டவரே.

அக்குழுவின் பணி எத்தகையது என்பதற்கு அதன் இறுதி வாரங்களே சான்று. 2006 ஓகஸ்ட் 4இல் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அரச படையினரே இதற்குப் பொறுப்பு என்னும் முடிவைக் கண்காணிப்புக் குழு அம்மாத இறுதியில் வெளியிட்டது. அடுத்த சில நாட்களில் அதன் பெரும்பகுதியினர் நாட்டைவிட்டுச் சென்றுவிட்டனர். கண்காணிப்பாளரை வெளியேற்றியது புலிகளின் தவறான முடிவு. அம்முடிவை எதிர்பார்த்து மாற்று ஏற்பாடு செய்யாதது ஒன்றியத்தின் தவறு. அதன் விலையைச் செலுத்தியவர்கள் வன்னியிலும் கிழக்கிலும் வாழ்ந்த மக்கள்.

2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்தத்திலிருந்து விலகியது. செப்டெம்பரில் ஐக்கிய நாடுகளின் பணியாளர்களும் வன்னியைவிட்டு வெளியேறினர். இறுதிக் கட்டப் போரில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என 2011இல் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு கூறியது. அரச படைகள் மருத்துவமனைகள் மீது எறிகணை வீசியதையும், புலிகள் மக்களைக் கேடயமாகப் பயன்படுத்தித் தப்பியோடியோரைச் சுட்டதையும் அக்குழு ஒருங்கே பதிவு செய்தது. பட்டியலோ ஒரு தரப்பை மட்டுமே கொண்டிருந்தது. பயங்கரவாதத்துக்கு எதிரான போர் என்னும் சொற்றொடர் மற்றைத் தரப்புக்கு மறைப்பாக உதவியது.

5. தடையின் பின் ஸ்காபரோ

கனடா 2008 ஜூனில் உலகத் தமிழர் இயக்கத்தையும் பட்டியலிற் சேர்த்தது. 2010இல் புலிகளுக்கு நிதி திரட்டிய குற்றத்துக்காகத் தமிழர் ஒருவருக்கு வான்கூவரில் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பயங்கரவாத நிதி தொடர்பாகக் கனடாவில் வழங்கப்பட்ட முதலாவது தண்டனை இதுவாகும். கட்டாய நிதி சேகரிப்பை வெளிப்படையாக நடத்துவது தடையின் பின் கடினமாயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தடையால் நன்மை எதுவும் விளையவில்லை எனல் பொருந்தாது.

ஆயின் ஐயம் சமூகம் முழுவதன் மீதும் படர்ந்தது. 2009 மே 10இல், உறவினர் முள்ளிவாய்க்காலிற் சிக்கியிருந்த வேளை, தமிழர்கள் ரொறன்ரோவின் கார்டினர் விரைவுச்சாலையை மறித்து அமர்ந்தனர். அங்கு உயர்த்தப்பட்ட புலிக்கொடிகளைப் பற்றிய பேச்சு, மடிந்துகொண்டிருந்த மக்களைப் பற்றிய பேச்சைப் பின்தள்ளியது. 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேர் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தபோது, அவர்களுட் பலர் பல மாதங்கள் தடுப்பில் வைக்கப்பட்டனர். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தடைசெய்யப்பட்ட அமைப்புக்கு மனிதாபிமானச் சட்டத்தையும் சமாதான வழிகளையும் கற்பிப்பதும் குற்றமாகலாம் எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கிற் குறிப்பிடப்பட்ட அமைப்புகளுள் புலிகளும் ஒன்று. ஆயுதத்தைக் கைவிடுமாறு கற்பிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் தன் நோக்கத்துக்கே எதிரானது.

இப்பட்டியல் அரசுகளின் கையில் எவ்வாறு பயன்படும் என்பதை 2014 காட்டியது. இலங்கை அரசு, 1373ஆம் தீர்மானத்தின் பெயரால், கனேடியத் தமிழர் பேரவை உட்பட 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் பட்டியலிட்டது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியபின் அவ்வமைப்புகளுட் பாதி நீக்கப்பட்டன. இதற்கு மாறாக, இலங்கையின் முன்னாள் ஜனாதிபதிகள் மகிந்த ராஜபக்சவுக்கும் கோத்தபாய ராஜபக்சவுக்கும் எதிராகக் கனடா தடைகளை விதித்தது 2023 ஜனவரியிலேயே. போர் முடிந்து அப்போது பதின்மூன்றாண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

முடிவுரை

முதலில் எழுப்பிய மூன்று வினாக்களுக்கும் விடை நிறைவளிப்பதன்று. மிரட்டப்பட்டோரைத் தடை காலந்தாழ்த்தியே, அதுவும் ஓரளவே, காத்தது. வன்முறையிலிருந்து விலகும் வாயிலை அது திறந்துவைக்கவில்லை. அரசின் குற்றங்களை அளக்கும் கோல் பல ஆண்டுகளின் பின்பே கையிலெடுக்கப்பட்டது.

இவ்வனுபவத்திலிருந்து நான்கு பாடங்கள் பெறப்படுகின்றன. அமைப்பின் பிடியிலுள்ள சமூகத்தைச் சாதாரணக் குற்றவியற் சட்டத்தால் முதலிற் காக்க வேண்டும். தடை ஒவ்வொன்றிலும், எந்நடத்தைக்கு எத்தளர்வு என்பது முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். கண்காணிப்பாளர், மனிதாபிமானப் பணியாளர், பேச்சுவார்த்தைக்கு உதவுவோர் ஆகியோருக்கு விலக்கு அளிக்கப்பட வேண்டும். ஆயுத அமைப்பைத் தண்டிக்கும் நாடுகள் அதே நாளில் அரசையும் பொறுப்புக்கூற வைக்க வேண்டும்.

தமிழியலாளருக்கும் இதிற் கடமை உண்டு. விரும்பிக் கொடுத்தோர், அஞ்சிக் கொடுத்தோர், மறுத்துத் துன்புற்றோர் ஆகிய மூவகையினரும் ஸ்காபரோவில் அயலவராக இன்றும் வாழ்கின்றனர். அவர்களின் முதல் தலைமுறை முதுமையடைந்துவிட்டது. தமிழ் இருக்கைக்கென உலகத் தமிழரிடமிருந்து நிதி திரட்டப்பட்ட ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் அவர்தம் வீடுகளுக்கு அண்மையிலேயே உள்ளது. பெயர் மறைத்தும், நெடுங்காலம் முத்திரையிட்டும் பேணக்கூடிய வாய்மொழி ஆவணகம் ஒன்றை அங்கு அமைத்தல் இயலும். அரசுகளின் பட்டியல்களிலிருந்தும் அமைப்புகளின் நினைவேடுகளிலிருந்தும் மட்டும் எழுதப்படும் வரலாற்றில் இம்மக்களின் குரல் இடம்பெறாது. அதனைச் சேகரிப்பதற்கு எஞ்சியுள்ள காலம் குறுகியது.