தளைகள் நீங்கிய பின்

மனநோயாளி ஒருவர் கொந்தளித்து எழும்போது அருகிலிருக்கும் பணியாளர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி, இங்கிலாந்தின் மனநோய்க் காப்பகங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பெரிதாக எழவில்லை. தோல்வாரும், கைவிலங்கும், கைகளை உடலோடு பிணைக்கும் இறுக்கச் சட்டையுமே அதற்கு விடையாக இருந்தன. 1829இல் லிங்கன் நகரக் காப்பகத்தில் வில்லியம் ஸ்கிரிவிஞ்சர் என்னும் நோயாளி, இரவு முழுவதும் அவ்வாறு கட்டப்பட்டுக் கவனிப்பாரின்றி விடப்பட்ட நிலையில் இறந்தார். அதன்பின், இரவில் ஒருவரைக் கட்டிவைத்தால் பணியாளர் ஒருவரும் அதே அறையில் தங்கியாக வேண்டும் என்று நிர்வாகம் விதித்தது. நோயாளியின் பாதுகாப்பைக் கருதி எழுந்த இவ்விதி, வேறோர் உண்மையையும் வெளிக்கொணர்ந்தது: அருகில் ஆள் இருந்தபோது பெரும்பாலோரைக் கட்டவே தேவையிருக்கவில்லை.

எட்வர்ட் சார்ல்ஸ்வொர்த் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த இம்மாற்றத்தை, 1835இல் அங்குப் பொறுப்பேற்ற ராபர்ட் கார்டினர் ஹில் அதன் எல்லைவரை கொண்டுசென்றார். அவர் வெளியிட்ட கணக்கின்படி, 1830இல் 92 நோயாளிகளுள் 54 பேர் மொத்தம் 27,113 மணிநேரம் கட்டப்பட்டிருந்தனர். 1837இல் 130 பேருள் இருவர் மட்டும் 28 மணிநேரம் கட்டப்பட்டனர். 1839இல் லண்டனுக்கு அருகே ஹான்வெல்லில் ஜான் கானலி, ஏறத்தாழ 800 நோயாளிகள் இருந்த மிகப்பெரிய காப்பகத்தில், பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே கட்டும் கருவிகள் அனைத்தையும் விலக்கினார். புகழ் பெரும்பாலும் கானலியையே சேர்ந்தது. அதனால் ஹில் பிற்காலத்தில் கொண்ட மனக்கசப்பு நியாயமற்றதன்று.

கருவிகள் போனபின் அவற்றின் வேலை மனிதக் கைகளிடம் வந்தது என்பதை ஹில் நன்கு அறிந்திருந்தார். அதனாலேயே அவர் இரவுபகல் ஓயாத கண்காணிப்பையும், உயரமும் வலிமையும் வாய்ந்த பணியாளர்களைப் போதிய எண்ணிக்கையில் அமர்த்துவதையும் தம் முறையின் அடிப்படையாக வைத்தார். ஆனால் குறைந்த கூலிக்கு நீண்டநேரம் உழைத்த இப்பணியாளர்களிடம் பொறுமையும் கனிவும் எதிர்பார்க்கப்பட்டனவேயன்றி, அடிக்க ஓங்கிய கையை எப்படித் தடுப்பது என்று முறையாகக் கற்பிக்கப்படவில்லை. 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில், காப்பகங்களில் இறந்த நோயாளிகளின் விலா எலும்புகள் முறிந்திருந்தது பற்றி மருத்துவ இதழ்களில் கடும் விவாதம் எழுந்தது. எலும்பு நோயே காரணம் என்று சில மருத்துவர்கள் வாதிட்டனர். மார்பின்மேல் முழங்காலை ஊன்றி அடக்கும் பழக்கமே காரணம் என்று ஐயுற்றவர்களின் பக்கமே வலுவானதாகத் தோன்றுகிறது.

பயிற்சிக்கான முயற்சிகள் ஸ்காட்லாந்தில் வேர்கொண்டன. டம்ஃப்ரீஸ் நகரின் கிரைட்டன் காப்பகத்தில் டபிள்யூ. ஏ. எஃப். பிரவுன் 1854இல் பணியாளர்களுக்குத் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 1885இல் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் சிலர் தொகுத்த சிறு கையேடு வெளிவந்தது. அட்டையின் நிறத்தால் அது 'சிவப்புக் கையேடு' என்றே வழங்கலாயிற்று. 1891 முதல் தேர்வும் சான்றிதழும் நடைமுறைக்கு வந்தன. உடற்கூறும் நோய்க்குறிகளும் பாடங்களாயின; நோயாளியைப் பிடிக்கும் கலையை மட்டும் புதியவர் மூத்தவரைப் பார்த்தே கற்றுக்கொண்டார், அவருடைய தவறுகளையும் சேர்த்து.

அக்கலைக்கு ஒழுங்கான வடிவம் கிடைத்தபோது, அது மருத்துவத்திலிருந்து வரவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஆங்கிலேயச் சிறைத்துறை, ஜப்பானிய அய்கிடோ தற்காப்புக் கலையின் மணிக்கட்டுப் பிடிகளைத் தழுவி, ஒருவர் தலையையும் இருவர் கைகளையும் பற்றும் மூவர் குழு முறையை உருவாக்கியது. 1984இல் பிராட்மூர் மருத்துவமனையில் நோயாளி ஒருவர் இறந்ததை ஆராய்ந்த விசாரணை இம்முறையில் பயிற்சியளிக்கப் பரிந்துரைக்க, அது செவிலியர்களிடையே வேகமாகப் பரவியது. கைதியை அடக்க வகுத்த முறை நோயாளிக்குப் பொருந்துமா என்ற கேள்வியைவிட, பணியாளரின் அச்சமே அன்று முன்னின்றது. அந்த அச்சம் பொய்யானதன்று. தாக்கப்படும் பணியாளர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

1998 அக்டோபரில் நார்விச்சில் டேவிட் பென்னெட் என்ற கறுப்பின நோயாளி, ஏறத்தாழ 25 நிமிடங்கள் முகங்குப்புறத் தரையில் அழுத்திப் பிடிக்கப்பட்ட நிலையில் இறந்தார். குப்புறக் கிடப்பவரின் உடல்மீது எடை ஏறும்போது நெஞ்சு விரிய இடமின்றி மூச்சுத் திணறக்கூடும். விசாரணைக் குழு, குப்புறப் பிடிப்பது மூன்று நிமிடங்களைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதன்பின் பயிற்சியின் எடை, பிடிப்பதிலிருந்து தணிவித்தலுக்கு, அதாவது குரலாலும் இடைவெளியாலும் காத்திருப்பாலும் சினத்தை ஆற்றும் முறைக்கு, மெல்ல நகர்ந்தது. லென் பவர்ஸ் தலைமையில் 15 மருத்துவமனைகளின் 31 சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதல், கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்லுதல் போன்ற எளிய நடைமுறைகளே மோதல்களையும் அடக்குமுறைகளையும் குறைத்தன என்று கண்டது.

2010இல் மனநல மருத்துவமனையில் காவலர் பதினொருவர் பிடித்து அழுத்தியதன் பின் இறந்த ஒலசேனி லூயிஸின் பெயரால் அறியப்படும் சட்டம் 2018இல் நிறைவேறி, 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பணியாளர் பயிற்சியில் இடம்பெற வேண்டியவற்றை அச்சட்டம் வரிசைப்படுத்துகிறது: சிகிச்சையைத் திட்டமிடுவதில் நோயாளியையும் எவ்வாறு ஈடுபடுத்துவது என்பது முதலில் நிற்கிறது, பலப்பிரயோகத்தைத் தவிர்க்கும் வழிகள், பழைய மனக்காயங்களின் பாதிப்பு ஆகியவை பின்வருகின்றன. எப்படிப் பிடிப்பது என்பதற்கு அந்த வரிசையில் தனித்தலைப்பு இல்லை.