லேபலில் இல்லாத பெயர்

வரலாற்றுப் பாடத்தில எங்களுக்கு முதல் சொல்லித் தாறது, மூலாதாரத்தைத் தேடிப் போங்கோ எண்டதுதான். ஒரு பாட்டுக்கு மூலாதாரம் எது? இசைத்தட்டும் அதன் நடுவில் ஒட்டியிருக்கிற லேபலும். அந்த லேபலே பொய் சொன்னா என்ன செய்யிறது?

1962 நவம்பரில் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த பாட்டு 'ஹீஸ் எ ரெபல்'. லேபலில் இருந்த பெயர் 'த கிறிஸ்டல்ஸ்'. ஆனால் அந்தக் குழுவில் ஒருவர்கூட அதில் பாடவில்லை. பாடியது லொஸ் ஏஞ்சல்ஸில் 'ப்ளொசம்ஸ்' என்ற கோரஸ் குழுவில் இருந்த டார்லீன் ரைட். போதகர் ஒருவரின் மகள், தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல்.

தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டருக்கு அவசரம். அதே பாட்டை இன்னொரு கம்பனியும் வெளியிட இருந்தது. கிறிஸ்டல்ஸ் நாட்டின் மற்றக் கரையில். எனவே கையருகில் இருந்த குரலை எடுத்தார், ஏற்கனவே விலைபோகும் பெயரை ஒட்டினார். இதில் ஏமாந்தது டார்லீன் மட்டுமில்லை. தாங்கள் பாடாத பாட்டை மேடையில் பாட வேண்டி வந்த கிறிஸ்டல்ஸ் பெண்களும்தான். அடுத்த பாட்டிலும் இதே கதை நடந்தது.

1963இல்தான் 'டார்லீன் லவ்' என்ற பெயர் லேபலில் வந்தது. அந்த 'லவ்'வும் ஸ்பெக்டர் வைத்ததுதான். அதே வருசம் அவர் பாடிய 'கிறிஸ்மஸ் (பேபி ப்ளீஸ் கம் ஹோம்)' இருந்த இசைத்தட்டு நவம்பர் 22 வெளியானது. கென்னடி சுடப்பட்ட நாள். யாருக்கு அன்று பாட்டுக் கேட்கிற மனம் இருந்திருக்கும்?

பிறகு மறுபடியும் கோரஸ். எல்விஸ் பிரெஸ்லியின் 1968 தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் ப்ளொசம்ஸ் பாடியது. 1980களின் தொடக்கத்தில் டார்லீன் பெவர்லி ஹில்ஸில் வீடு துப்புரவாக்கும் வேலைக்குப் போனார். ஒரு நாள் குளியலறை கழுவிக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் தன்ர கிறிஸ்மஸ் பாட்டே கேட்டதாம். திரும்பப் பாடத்தான் வேணும் எண்டு முடிவெடுத்தது அங்கேதான்.

இதை 'விடாமுயற்சி வென்றது' எண்டு எழுதி முடிக்கிறது சுகம். ஆனால் முயற்சியோட வழக்கும் போட வேண்டியிருந்தது. 1997இல் நீதிமன்றத்தில் வென்ற ரோயல்டி நிலுவை சுமார் 2,63,000 டொலர். டேவிட் லெட்டர்மனின் நிகழ்ச்சியில் கிறிஸ்மஸ் காலத்தில் அந்தப் பாட்டைப் பாடுவது 1986இல் தொடங்கி, 2014 வரை வழக்கமாகவே இருந்தது. 2011இல் ரொக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவரையும் மற்றக் கோரஸ் பாடகிகளையும் பற்றிய '20 ஃபீட் ஃப்ரொம் ஸ்டார்டம்' ஆவணப்படம் 2014இல் ஒஸ்கார் வென்றது.

லேபலை மட்டும் பார்த்து வரலாறு எழுதியிருந்தால், 1962இன் அந்தப் பாட்டில் டார்லீன் இருந்திருக்கவே மாட்டார். அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது கூடப் பாடியவர்களின்ர நினைவும், அவர் தானே சொன்ன கதையும், நீதிமன்றப் பதிவும். ஆவணத்தில் பெயர் இல்லை என்பதற்காக ஆள் அங்கே இருக்கவில்லை எண்டு நாங்கள் சொல்லக்கூடாது. பெயரை எழுதும் பேனா யார் கையில் இருந்தது எண்டும் கேட்க வேணும்.

2015இல், 74 வயதில், அவருடைய ஒரு அல்பம் வந்தது. தலைப்பு 'இன்ட்ரடியூசிங் டார்லீன் லவ்'. அமெரிக்கா 53 வருசமாகக் கேட்ட குரலுக்கு அறிமுகம்.