ஐந்தாம் ஆட்டத்துக்கு நின்றவர்

நாம் வாழும் இத்திருவனந்தபுரத்தைப் பற்றி ஆண்டு மலர்களில் எழுதப் புகுவோர் பத்மநாபசுவாமி திருக்கோயிலை எழுதுவர். சுவாதித் திருநாள் மன்னரின் இசைப் பணியை எழுதுவர். சாலைக் கடைவீதியில் நம் முன்னோர் வேரூன்றிய கதையையும் எழுதுவர். அவை யாவும் எழுதத்தக்கனவே. ஆயின் இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டது ஓர் ஆட்டக்காரரின் வரலாறு. இந்நகரிலிருந்து சென்று உலக அரங்குகளில் இறகுப்பந்து ஆடிய எச். எஸ். பிரணாய் என்பாரே அவர். பரிசுகளின் பட்டியலை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அவரை விஞ்சியவர் நம் நாட்டிலேயே சிலர் உண்டு. எனினும் பிறர் தோற்றுவிட்ட பின்னரும் குழு பிழைத்திருக்க வேண்டுமாயின் யாரை நம்பி நிற்பது என்னும் கேள்விக்கு, இரண்டு ஆண்டுகள் இந்தியா சொன்ன விடை இவர் பெயராகவே இருந்தது. அதுபற்றியே இவரைத் தெரிந்தெடுத்தோம்.

முதற்கண் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் பாட்மின்டன் மாளிகையால் பெயர் பெற்ற இவ்வாட்டத்துக்குப் பழைய விதிகள் வகுக்கப்பெற்றது நம் நாட்டுப் பூனா நகரில், வெள்ளைக்காரப் படை அதிகாரிகளிடையே. தமிழர்களாகிய நமக்கோ அதற்கு உறவான வேறோர் ஆட்டம் சொந்தமாக உண்டு. மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தைக் கொண்டு ஆடும் பூப்பந்தாட்டமே அது. தஞ்சை அரச குடும்பத்தார் அதனை விரும்பி ஆடினர் என்பர். பக்கத்துக்கு ஐவர் நின்று, இருபத்தொன்பது புள்ளிக்கு ஆடிய அவ்வாட்டம் தென்னாட்டு ரயில்வே இன்ஸ்டிடியூட் மைதானங்களில் எத்தனை மாலைப் பொழுதுகளை இன்பமாக்கிற்று என்பதை நம் குடும்பத்துப் பெரியோர் அறிவர். அதற்குத் திறந்த வெளியும் ஒரு வலையும் போதும். இறகுப்பந்து அங்ஙனமன்று. பதினாறு இறகுகள் செருகிய அப்பந்தின் எடை ஏறத்தாழ ஐந்து கிராம். சிறு காற்றடித்தாலும் திசை மாறிவிடும். ஆகவே கூரையிட்ட உள்ளரங்கம் வேண்டும். ஓர் ஆட்டத்துக்குள்ளேயே பல பந்துகள் இறகொடிந்து வீணாகும். மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் வீட்டுப் பிள்ளை இவ்வாட்டத்தில் முன்னேறுவது எத்துணை அரிது என்பது இதனாலேயே விளங்கும்.

ரயில்வேயில் உழைக்கும் நம்மவர் மறக்கலாகாத பெயர் ஒன்று இங்கு உண்டு. ரயில்வே ஊழியரான சையத் மோடி 1980 முதல் 1987 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் தேசிய சாம்பியனாக விளங்கினார். 1982ஆம் ஆண்டு டில்லி ஆசிய விளையாட்டில் ஆடவர் ஒற்றையரில் வெண்கலம் வென்றவரும் அவரே. 1988 ஜூலையில் லக்னோவில் அரங்கிலிருந்து வெளிவருகையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் 1988, 1989 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் பெற்றவர் யு. விமல் குமார். இவர் நம் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 1983இலும் 1984இலும் பிரெஞ்சு ஓப்பன் பட்டத்தை வென்றவர். இறகுப்பந்து முதன்முதலாகப் பதக்க ஆட்டமாக இடம்பெற்ற 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிலும் ஆடியவர். பின்னர் பெங்களூரில் பிரகாஷ் படுகோனேயுடன் சேர்ந்து இளைஞர்களைப் பயிற்றுவிக்கலானார். இவர் பெயரை நினைவிற் கொள்க. கதையில் மீண்டும் வருவார்.

பிரணாய் 1992ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பிறந்தார். தந்தை சுனில்குமார் விமானப் படையிற் பணியாற்றியவர். தாமும் இறகுப்பந்து ஆடியவர். மைந்தனுக்கு முதல் ஆசான் அவரே. தாய் ஹசீனா. முதலெழுத்துக்களுள் ‘எச்’ என்பது தாயின் பெயரையும் ‘எஸ்’ என்பது தந்தையின் பெயரையும் குறிக்கும். தந்தையின் பெயரை மட்டுமே முன்னெழுத்தாக இடும் வழக்கமுடைய நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம். நமக்கு இவ்வழக்கம் மிகவும் பிடித்திருக்கிறது. ஆக்குளத்துக் கேந்திரிய வித்யாலயத்தில் பயின்ற அவர், ஆட்டத்தில் உயர வேண்டி ஊரை விட்டு ஹைதராபாத் சென்று கோபிசந்த் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தார். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு, அவ்வயதில் வீட்டைப் பிரிவது யாதென்று எடுத்துரைக்க வேண்டியதில்லை.

2010ஆம் ஆண்டு சிங்கப்பூர் இளையோர் ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்றார். 2014இல் இந்தோனேசியாவிலும் 2016இல் சுவிட்சர்லாந்திலும் 2017இல் அமெரிக்காவிலும் பட்டங்கள் வென்றார். எனினும் அவர் பெயரை உலகறியச் செய்தவை 2017 ஜூன் மாதத்தில் ஜகார்த்தாவில் பெற்ற இரண்டு வெற்றிகளாம். அடுத்தடுத்த இரண்டு நாட்களில் மலேசியாவின் லீ சோங் வெய்யையும், ஒலிம்பிக் சாம்பியனான சீனாவின் சென் லாங்கையும் வீழ்த்தினார். வியப்பு யாதெனில், இவ்விருவரையும் வென்றவர் அரையிறுதியில் தகுதிச் சுற்றிலிருந்து வந்த சகாய் என்னும் ஜப்பானியரிடம் தோற்றார்! மலையைத் தாண்டியபின் வரப்பில் இடறும் இவ்வியல்பு அவரை நெடுநாள் விடவில்லை. அவ்வாண்டு இறுதியில் நாக்பூரில் ஸ்ரீகாந்தை வென்று தேசிய சாம்பியனானார். 2018இல் உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் எய்தினார்.

அதன்பின் வீழ்ச்சி. இரைப்பை அமிலம் மேலெழும் நோய் அவரை வாட்டிற்று. பின்னர் கொரோனாவும் வந்தது. தரவரிசையில் முதல் முப்பது பேருக்கு வெளியே தள்ளப்பட்டார். வயதோ முப்பதை நெருங்கியது. ஒற்றையர் ஆட்டத்தில் அஃது ஓய்வை எண்ணும் வயது.

நிற்க. தாமஸ் கோப்பை என்பது ஆடவர் குழுக்களுக்கான உலகப் போட்டி; 1949இல் முதற்கோப்பையை மலாயா வென்றது. மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர் என ஐந்து ஆட்டங்கள். மூன்றை வென்ற குழு வெற்றி பெறும். இருபுறமும் இரண்டிரண்டு என நின்றால் ஐந்தாவதாகிய மூன்றாம் ஒற்றையரே முடிவு செய்யும். அவ்வாட்டத்துக்குரியவர் நிலை பெரிதும் இரங்கத்தக்கது. மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். நாலாவது ஆட்டம் முடியும்வரை தமக்கு வேலை உண்டா இல்லையா என்பதும் தெரியாது. வேலை வந்தாலோ நாட்டின் மானமே தோளில் ஏறிவிடும்.

2022 மே மாதம் பாங்காக்கில் இந்தியாவுக்கு அவ்விடத்தில் நின்றவர் பிரணாய். குழுவின் பயிற்றுநராய் உடன் சென்றவர் மேலே கூறிய விமல் குமார். காலிறுதியில் மலேசியாவுடன் இரண்டுக்கு இரண்டு. பிரணாய் இறங்கி லியோங் ஜுன் ஹாவை 21-13, 21-8 என வென்றார். தாமஸ் கோப்பையில் இந்தியாவுக்கு முதற்பதக்கம் அன்றே உறுதியாயிற்று. மறுநாள் அரையிறுதியில் டென்மார்க்குடன் மீண்டும் இரண்டுக்கு இரண்டு! எதிர்நின்றவர் ராஸ்மஸ் கெம்கே. முதற்செட்டில் முன்பாய்ந்து பந்தை எடுக்கையில் பிரணாயின் கால் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. மருத்துவர் வந்து பார்த்தார். வலி தாங்காமல் விலகியிருந்தால் எவரும் குறை கூறியிரார். முதற்செட்டை 13-21 என இழந்தவர் அடுத்த இரண்டையும் 21-9, 21-12 எனக் கைப்பற்றினார். நொண்டிய காலோடு ஆடியவர் எதிரிக்குப் பாதிப் புள்ளியே விட்டுக்கொடுத்த இவ்விரண்டு செட்டுகளை, அவருடைய எல்லாப் பட்டங்களுக்கும் மேலாக நாம் மதிக்கின்றோம்.

மே 15ஆம் நாள் இறுதியாட்டம். முன்னரே பதினான்கு முறை கோப்பையை வென்ற இந்தோனேசியாவை லக்ஷ்யா சென், சாத்விக்-சிராக் இணை, ஸ்ரீகாந்த் ஆகியோர் முதல் மூன்று ஆட்டங்களிலேயே வென்றுவிட்டனர். கோப்பை இந்தியாவுக்குக் கிட்டிற்று. ஐந்தாம் ஆட்டம் வேண்டப்படவில்லை. பிரணாய் அன்று ராக்கெட்டைத் தொடவேயில்லை.

அவ்வாண்டே அர்ஜுனா விருது வந்தது. தனிப் பட்டமோ 2017க்குப் பின் கிட்டவேயில்லை. 2023 மே 28ஆம் நாள் கோலாலம்பூரில், சீனாவின் வெங் ஹாங் யாங்கை 94 நிமிடம் பொருது 21-19, 13-21, 21-18 என வென்று, ஏறத்தாழ ஆறாண்டுப் பஞ்சத்தைத் தீர்த்தார். ஆகஸ்டில் சிட்னி இறுதியாட்டத்தில் அதே வெங்கிடம், கடைசிச் செட்டில் 19-14 என முந்தியிருந்தும் 20-22 எனத் தோற்றார். பழைய வரப்பு இன்னும் அங்கேயே கிடந்தது போலும்! அம்மாதமே கோபன்ஹேகனில் உலகப் போட்டிக் காலிறுதியில், ஒலிம்பிக் சாம்பியன் விக்டர் ஆக்செல்சனை அவர் நாட்டு மக்கள் முன்னிலையிலேயே வென்று வெண்கலம் பெற்றார். தரவரிசையில் ஆறாம் இடம் அடைந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்று.

அவ்வாண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியக் குழு இறுதிக்கு வந்தது. முதுகு வலியால் பிரணாய் அன்று ஆட இயலவில்லை. சீனாவுக்கு எதிராக இரண்டுக்குச் சுழி என முந்திய இந்தியா அடுத்த மூன்றையும் இழந்தது. ஐந்தாம் ஆட்டம் இம்முறை வந்தது, அவர்தாம் இல்லை. நான்கு நாள் கழித்து அதே முதுகோடு ஒற்றையர் காலிறுதியில் இறங்கி, மலேசியாவின் லீ சீ ஜியாவிடம் தோல்வியின் விளிம்பில் இரண்டு புள்ளிகளைக் காத்து 21-16, 21-23, 22-20 என வென்றார். அரையிறுதியில் லீ ஷிஃபெங்கிடம் தோற்று வெண்கலம் பெற்றார். ஆசிய விளையாட்டில் ஆடவர் ஒற்றையரில் சையத் மோடிக்குப் பின் நாற்பத்தோர் ஆண்டுகளாக எவரும் பெறாத பதக்கம் அது.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சிக்குன்குனியா காய்ச்சலிலிருந்து எழுந்து சென்றார். குழுச் சுற்றில் ஜெர்மானியரையும் வியட்நாமியரையும் வென்றார். ஆகஸ்டு முதல் நாள், பதினாறு பேர் சுற்றில், எதிரே வந்தவர் பாங்காக்கில் உடன் நின்ற லக்ஷ்யா சென். 21-12, 21-6 என லக்ஷ்யா வென்றார். அவ்விளைஞரைப் பெங்களூரில் வளர்த்தெடுத்த ஆசான்களுள் ஒருவர் நம் நகரத்து விமல் குமாரேயாவார்.